பாட்டைக் கூட்ட வைப்பது பஸ்ஸின் இரைச்சல்

காது பரிசோதனை செய்யும் என் அறையின் மூலையில் ஒரு சிறிய கூண்டு இருக்கிறது. வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரும் கதவும் தடிமனாக அடைக்கப்பட்டவை. இயர்போன் பழக்கம் உள்ள இளைஞர் யார் வந்தாலும், ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோட்டுப்படம்) எடுத்து முடித்த பிறகு அங்கேயே இன்னொரு சின்னச் சோதனையும் செய்வேன். "பஸ்ஸில் போகும்போது எவ்வளவு சத்தம் வைப்பீர்களோ, அதே அளவில் உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடுங்கள்" என்பேன்.

சென்ற மாதம் வந்த பெண்ணுக்கு 24 வயது. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போய் வருகிறார். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். போனில் சத்தத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கட்டைவிரலுக்கே பழகியிருந்தது. திரையைப் பார்க்காமலே கொண்டுபோய் நிறுத்தினார். பாட்டு தொடங்கிய கணத்தில் இரண்டு கைகளாலும் இயர்போனைப் பிடுங்கிவிட்டார். "இவ்வளவு சத்தமாகவா மேடம் நான் கேட்கிறேன்?" கூண்டின் கதவு திறந்திருந்ததால் வெளியே நாற்காலியில் இருந்த அவருடைய அம்மாவின் காதிலும் அந்தப் பாட்டு விழுந்தது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்த அளவு அவருக்கு மிதமாகத்தான் தோன்றியிருக்கும். ஓடும் பஸ்ஸுக்குள் இரைச்சல் 80 டெசிபெல்லை ஒட்டி நிற்பதை நானே பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். பாட்டு கேட்க வேண்டுமென்றால் அந்த இரைச்சலுக்கு மேலே எழும்ப வேண்டும். விரல் தானாகவே கூட்டும். இன்ஜின் உறுமலோடு போட்டி போடுகிறோம் என்பது மனத்துக்குத் தெரிவதே இல்லை. பிள்ளைகளின் பாட்டுப் பிரியத்தைக் குற்றம் சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் விளக்குவது இதைத்தான். அமைதியான அறையில் இதே பிள்ளைகள் பாதிச் சத்தத்தில் கேட்டு மகிழ்கிறார்கள்.

காதுக் கருவி பொருத்தும்போது ஒலியை அளக்க, நூல்போன்ற மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் வைப்போம். அதை வைத்து அவருடைய பஸ் பாட்டையும் அளந்தேன். செவிப்பறை அருகே கிடைத்த அளவை, பாதுகாப்பு வரம்புகளோடு ஒப்பிடத் தோதான திறந்தவெளி அளவுக்கு மாற்றிப் பார்த்தபோது ஏறக்குறைய 90 டெசிபெல் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019ல் சேர்ந்து வெளியிட்ட தரநிலைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே 20 நிமிடம்தான். இவர் பஸ்ஸில் மட்டும் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் கேட்கிறார். குழந்தைகளுக்கு அந்தத் தரநிலை இன்னும் கண்டிப்பானது: 75 டெசிபெல், 40 மணி நேரம்.

அவர் என்னிடம் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். "காது நன்றாகத்தான் கேட்கிறது மேடம். ஆனால் கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து பேசினால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை." ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலி இருக்கும் இடத்தில் கோடு சட்டென்று கீழே இறங்கி மறுபடி ஏறியிருந்தது. கோடு இறங்கினால் அந்த ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அதிக ஒலியால் காது சேதமானால் பெரும்பாலும் முதலில் பள்ளம் விழுவது அங்கேதான்.

நம் பேச்சில் உயிர் ஒலிகளுக்கு வலு அதிகம். அவை தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிப்பவை. ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக்காட்டும் நுண்ணொலியோ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில், மிக மெலிதாக இருக்கும். அந்தப் பகுதி மங்கினால் சொல்லின் வால் மட்டும் காதில் விழும். சட்டமா, பட்டமா, கட்டமா என்று மூளை ஊகிக்க வேண்டும். ஒருவரோடு தனியே பேசும்போது ஊகித்துவிடுகிறோம். கேன்டீன் சத்தத்தில் ஊகம் தோற்றுப்போகிறது.

காதின் உட்பகுதியில் நத்தைக் கூடுபோல் இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் எலும்பறைக்குள் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 உணர்முடிச் செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நாம் பிறக்கும்போது கொண்டுவருவது அவ்வளவுதான். கோழிக்குஞ்சுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைக்கின்றன. மனிதர்களுக்கு முளைப்பதில்லை. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அருகில் நின்றுவிட்டு வீடு திரும்பிய இரவில் காது அடைத்ததுபோலவும், உள்ளே ரீங்காரம் கேட்பதுபோலவும் இருந்திருக்கும் அல்லவா? அது அந்தச் செல்கள் களைத்துப்போனதன் அடையாளம். மறுநாள் சரியாகிவிடுகிறது என்பதால் விட்டுவிடுகிறோம். திரும்பத் திரும்பக் களைத்தவை ஒருநாள் எழுந்திருப்பதில்லை.

பாட்டை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நானும் பாட்டு இல்லாமல் ஒருநாள்கூட இருக்க முடியாதவள். வெளி இரைச்சலைத் தடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பெண் வைத்திருந்தது ரப்பர் முனை இல்லாத, கெட்டிப் பிளாஸ்டிக் இயர்போன். பஸ் சத்தம் முழுவதும் அதன் ஓரமாக உள்ளே போகும். காதை நன்றாக மூடும் சிலிக்கான் முனை உள்ளதை வாங்கச் சொன்னேன். அதன் பெட்டியிலேயே மூன்று அளவு முனைகள் வரும். பெரும்பாலோர் நடுத்தர அளவோடு வந்ததை அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி கனமாகக் கேட்டால் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கனம் குறைந்து பாட்டு சன்னமாகக் கேட்டால் ஓரத்தில் கசிகிறது. அப்போதுதான் சத்தத்தைக் கூட்டத் தோன்றும்.

இரைச்சல் நீக்கும் வசதி உள்ள இயர்போன் வாங்க முடிந்தால் நல்லது. வெளிச்சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அடக்கும் கருவி அது. இன்ஜினின் ஒரே சீரான உறுமலை அது நன்றாக அடக்கும். ஹாரனும் கண்டக்டரின் விசிலும் திடீரென்று வருபவை, உயர்ந்த ஒலிகள். அவற்றிடம் அதன் வேலை அவ்வளவு செல்லாது. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த வசதியைப் போட்டதும் பாட்டின் சத்தம் தானாகக் குறைவதில்லை. பழைய அளவிலேயே விட்டால் பயன் இல்லை, விரலால் குறைத்தாக வேண்டும். சாலையில் நடக்கும்போதும், இரு சக்கர வாகனத்திலும், தண்டவாளம் அருகிலும் எந்த இயர்போனும் வேண்டாம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பலரும் சொல்லும் "60 சதவீதச் சத்தம், 60 நிமிடம்" என்ற விதி தொடங்குவதற்கு நல்லது. ஆனால் ஒரு போனின் 60 சதவீதமும் இன்னொரு போனின் 60 சதவீதமும் ஒன்றல்ல; இயர்போன் மாறினாலும் அளவு மாறும். ஐபோனின் அமைப்புகளில் ஹெட்போன் ஒலிக்கு டெசிபெல் கணக்கில் உச்சவரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. பிள்ளைகளின் போனில் இதைச் செய்து கொடுங்கள்; தினமும் திட்டுவதைவிடப் பலன் தரும்.

காதுக் கருவி அணியும் முதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்கழி முழுவதும் சபாக்களில் கழித்த பெரியவர் ஒருவர், கருவி போட்ட பிறகு புல்லாங்குழல் நடுங்குகிறது, தம்புரா அலைகிறது என்று வருந்தினார். குறை அவரிடமும் இல்லை, வித்வானிடமும் இல்லை. கருவி பேச்சுக்காக அமைக்கப்பட்டது. காதுக் கருவியிலிருந்தே சில நேரம் விசில் எழும்; நீண்டு ஒலிக்கும் சுரத்தை அந்த விசிலோ என்று சந்தேகித்து அது அடக்கப் பார்க்கும். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றை அதில் சேர்க்க முடியும். கருவியைப் பொருத்திய உங்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைப் பரிசோதிப்பவர்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இயர்போனோடு தூங்குவதை விட்டுவிடுங்கள். நம் ஊர் வியர்வையில் காது மூடியே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். முதலில் அரிப்பு, பிறகு அடைப்பு. அதற்கு எண்ணெய் விட்டால் இன்னும் மோசமாகும். பட்ஸ் விட்டுக் குடைவதால் குறும்பி உள்ளேதான் போகும்.

ஒன்றுக்கு மட்டும் ஒருநாளும் காத்திருக்காதீர்கள். காலையில் எழுந்ததும், அல்லது போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் சளி என்றும் குறும்பி என்றும் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நரம்புப் பாதிப்பாக இருந்தால் முதல் சில நாட்களில் தொடங்கும் ஸ்டீராய்டு சிகிச்சையில்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, ஒரு மாதம் கழித்து என் கூண்டுக்கு வருபவர்களுக்கு, பெரும்பாலும் இழந்த அளவைக் கோடு போட்டுக் காட்ட மட்டுமே என்னால் முடிகிறது.