பிளேயரில் ஓடுகிற வீடியோ எடிட்டரில் ஏன் மக்கர் பண்ணுகிறது?

புதுக் கேமராவில் எடுத்த கோப்பை டபுள் கிளிக் செய்தால் விஎல்சி பிளேயரில் பிரச்சினை இல்லாமல் ஓடும். அதையே எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் கதை வேறு. சில நேரம் ‘இந்த ஃபார்மேட் ஆதரிக்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும், சில நேரம் சத்தம் வரும் படம் வராது, சில நேரம் படம் வரும் சத்தம் வராது, இன்னும் சில நேரம் எல்லாம் வந்துவிட்டு டைம்லைனில் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினாலே திணறி நின்றுவிடும். நாலையும் சேர்த்து ‘சாஃப்ட்வேர் சப்போர்ட் பண்ணலை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நாலுக்கும் காரணம் வேறு வேறு, அதனால் தீர்வும் வேறு. அதிலும் கடைசியாகச் சொன்ன திணறல் இருக்கிறதே, அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. அந்த ஃபார்மேட் பிறந்த விதமே அப்படி.

முதலில், கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எம்பி4, எம்ஓவி, எம்டிஎஸ் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். அது கண்டெய்னரின் பெயர், அதாவது வெளி டப்பா. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கோடெக்: எம்பெக்-2, எச்.264, எச்.265 இப்படி. ஒலிக்குத் தனியாக ஒரு கோடெக். இதோடும் முடியவில்லை, ஒரே எச்.264-க்குள்ளேயே புரொஃபைல் என்று பல வகைகள் உண்டு. ஒவ்வொரு பிக்சலின் மதிப்பும் 8 பிட்டில் பதிகிறதா 10 பிட்டிலா, நிறத் தகவலைக் குறைத்த அளவு 4:2:0-வா 4:2:2-வா (இதன் அர்த்தம் கீழே வரும்), வரிவரியாகப் பின்னிய இன்டர்லேஸ்டு படமா முழுப் படமா என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. ஆகவே ஒரு மென்பொருளின் விவரப் பட்டியலில் ‘எம்பி4 திறக்கும்’ என்று போட்டிருந்தால், அதற்கு டப்பாவைத் திறக்கத் தெரியும் என்பதைத் தாண்டி எதுவும் உறுதி இல்லை.

இந்தக் குழப்பத்துக்குச் சரியான உதாரணம் ஏவிசிஎச்டி. சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-இல் அறிவித்த கேம்கார்டர் ஃபார்மேட். படம் எச்.264, ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி-3, இரண்டையும் கட்டி வைப்பது ஒளிபரப்புக்காக உருவான எம்பெக்-2 டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற டப்பா. கோப்புகளை அடுக்கும் முறையோ புளூ-ரே தட்டிலிருந்து எடுத்தது. மெமரி கார்டைத் திறந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க் கடைசியில் ‘ஸ்ட்ரீம்’ என்ற ஃபோல்டரில்தான் வீடியோ கிடக்கும். பலரும் அந்த எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் காப்பி செய்துகொண்டு மற்றதையெல்லாம் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். கார்டில் இருக்கும் ஃபேட்32 கோப்பு முறைமை 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பைத் தாங்காது, அதனால் நீளமான ஷாட்டைக் கேமராவே பல துண்டுகளாக வெட்டி எழுதும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற தகவல் பக்கத்து ஃபோல்டர்களில் உள்ள சின்னச் சின்னக் கோப்புகளில் இருக்கிறது. அதை எறிந்துவிட்டால் மென்பொருளுக்கு ஒவ்வொரு துண்டும் தனி ஷாட்; ஒட்டிப் பார்த்தால் இணைப்பில் ஒரு சின்ன வெட்டு, ஒலியில் ஒரு ‘டக்’. கார்டை அப்படியே, ஃபோல்டர் அமைப்பு குலையாமல் காப்பி செய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

படம் வந்து சத்தம் வராத கேஸிலும் இந்த ஏசி-3 அடிக்கடி மாட்டும். அதன் காப்புரிமைகள் 2017-இல் காலாவதியாகும்வரை இந்த டால்பி ஒலியைப் பிரித்துக் கொடுக்க உரிமம் வேண்டியிருந்தது, விலை குறைந்த மென்பொருள்கள் பல அதை விட்டுவிட்டன. படத்துக்கும் இதே கதைதான். எச்.265-ஐச் சுற்றிக் காப்புரிமைக்காரர்கள் ஒரே குழுவாக இல்லாமல் தனித்தனிக் குழுக்களாக நின்று உரிமக் கட்டணம் கேட்கிறார்கள், அதனால் விண்டோஸில் அதைத் திறக்க ஒரு நீட்சியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் லினக்ஸ் இலவசப் பதிப்பு நெடுங்காலமாக எச்.264-ஐயே திறப்பதில்லை. மற்றபடி தொழில்நுட்பத் தடை என்று எதுவும் இல்லை; எஃப்எஃப்எம்பெக் போன்ற திறமூலக் கருவிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிரித்துவிடுகின்றன, விஎல்சி எதையும் ஓட்டுவதன் ரகசியமும் அதுதான்.

சரி, இப்போது முக்கியமான விஷயம், அந்தத் திணறல்.

1920×1080 அளவுள்ள ஒரு படத்தில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று வைத்தால் ஒரு ஃபிரேம் 6.2 எம்பி, விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 155 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 560 ஜிபி. ஏவிசிஎச்டி தொடக்கத்தில் அனுமதித்த உச்சவரம்பு விநாடிக்கு 24 மெகாபிட், அதாவது 3 எம்பி. மணிக்கு 11 ஜிபிக்கும் குறைவு. ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். இதில் பாதியை நிறத்தைக் குறைத்தே பிடித்துவிடுகிறார்கள்: கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரிகிற அளவுக்கு நிற வேறுபாடு தெரியாது, அதனால் நாலு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் போதும் என்று வைப்பதுதான் 4:2:0; இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்றால் 4:2:2. மீதிச் சுருக்கம் எங்கிருந்து வரும்?

பழைய மினிடிவி (MiniDV) டேப் கேமராக்களில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக, ஒரு புகைப்படத்தைச் சுருக்குவதுபோல் சுருக்கப்பட்டது. எந்த ஃபிரேமைக் கேட்டாலும் உடனே எடுத்து நீட்டலாம். 2003-இல் எச்டிவி (HDV) என்ற ஃபார்மேட் வந்தபோது, அதே டேப்பில் அதே 25 மெகாபிட் வேகத்தில் உயர் தெளிவுப் படத்தை எழுத வேண்டியிருந்தது. தனித்தனியாகச் சுருக்கி அதைச் சாதிக்க முடியாது என்பதால் பக்கத்து ஃபிரேம்களோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எழுதும் எம்பெக்-2 முறைக்குப் போனார்கள். ஒரு முழு ஃபிரேம், அதற்குப் பின் ‘முன்னதிலிருந்து இது இது மாறியது’ என்று மட்டும் சொல்லும் ஃபிரேம்கள், இடையில் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பார்த்துக் கட்டப்படும் ஃபிரேம்கள். முறையே ஐ, பி, பி என்று ஆங்கில எழுத்துகளில் சொல்வார்கள், தமிழில் எழுதினால் பின்னிரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுவதால் அந்தப் பெயர்களை விட்டுவிடுகிறேன். ஒரு முழு ஃபிரேமும் அதைச் சார்ந்தவையும் சேர்ந்தது ஒரு குழு. விநாடிக்கு 25 ஃபிரேம் உள்ள 1080 எச்டிவியில் ஒரு குழுவுக்கு 12 ஃபிரேம். அப்புறம் வந்த எச்.264-இல் சார்பு இன்னும் சிக்கலானது, ஒரு ஃபிரேம் பல ஃபிரேம்களைப் பார்த்து எழுதப்படலாம், கோப்பில் எழுதப்பட்ட வரிசையும் திரையில் தெரிய வேண்டிய வரிசையும்கூட ஒன்றாக இருக்காது.

பிளேயருக்கு இது பெரிய கஷ்டம் இல்லை. அது முன்னோக்கி மட்டுமே போகிறது, முந்தைய ஃபிரேம்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைப் புதிதாகப் பிரித்தால் போதும். எடிட்டரின் நிலைமையைப் பாருங்கள். நீங்கள் குழுவின் நடுவில் ஏதோ ஒரு ஃபிரேமில் போய் நிற்கிறீர்கள். அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட அது பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து சார்ந்திருக்கும் அத்தனையையும் வரிசையாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும், நீங்களோ அதற்குள் இரண்டு விநாடி இடப்பக்கம் இழுத்திருப்பீர்கள். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் மோசம். மூன்று கேமராக் காட்சியை ஒரே நேரத்தில் பார்த்து வெட்டும் வேலை என்றால் இத்தனையும் மூன்று மடங்கு. வெட்டு குழுவின் நடுவில் விழுந்தால், வெட்டுக்கு அந்தப் பக்கம் மிஞ்சிய ஃபிரேம்களுக்கு ஆதாரமே இல்லாமல் போகிறது, அதனால் குறைந்தது அந்த இடத்திலாவது படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுத வேண்டும். கேமரா தயாரித்தவர்கள் கார்டில் இடம் மிச்சப்படுத்த யோசித்தார்கள், எடிட் செய்பவர் எப்படித் திறப்பார் என்பது அவர்கள் கவலையில் இரண்டாம் இடம்தான். அதைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தக் கணக்கையெல்லாம் போட இப்போது கணினியில் தனி வன்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது எல்லாப் புரொஃபைலுக்கும் கிடையாது. அந்தச் சில்லுகள் முதலில் குறிவைத்தது சினிமாவும் இணைய வீடியோவும் பார்ப்பவர்களை, அவர்களுக்கு வருவதெல்லாம் 4:2:0. நல்ல கேமரா வாங்கி, நிறத்தில் விளையாட வேண்டும் என்று 10 பிட் 4:2:2-இல் எடுத்தீர்களோ, பல கணினிகளில் வன்பொருள் கைவிரித்துவிடும், மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழும். சாதாரணப் போனில் எடுத்த 4கே வழுக்கிக்கொண்டு ஓட, விலை கூடிய கேமராவின் காட்சி நொண்டுவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால் இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைச் சில்லுகளிலேயே உள்ளமைந்த கிராஃபிக்ஸ் எச்.265 4:2:2-ஐப் பிரிக்கும். என்விடியாவின் அட்டைகளில் 4:2:2 வந்து சேர்ந்ததோ 2025-இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். அதற்கு முந்தைய பெரிய கிராஃபிக்ஸ் அட்டையைப் போட்டுவிட்டு, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசரை மிச்சம் பிடித்து வாங்கியவர்களுக்கு இரண்டும் இல்லை.

என்ன செய்யலாம்? முதலில் மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவசக் கருவியில் கோப்பைப் போட்டுப் பாருங்கள், கோடெக், புரொஃபைல், பிட் ஆழம், நிறம், ஒலி எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். டப்பா மட்டும்தான் பிரச்சினை என்றால் எஃப்எஃப்எம்பெக் மூலம் உள்ளே இருப்பதைத் தொடாமல் வேறு டப்பாவுக்கு மாற்றலாம். தரம் குறையாது, ஒரு மணி நேரக் காட்சிக்கும் கோப்பைக் காப்பி செய்யும் நேரத்தைவிட அதிகம் ஆகாது. ஒலி மட்டும் பிரச்சினை என்றால் ஒலியை மட்டும் மாற்றினால் போதும்.

‘எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கித் தருகிறோம்’ என்று சொல்லும் கன்வெர்ட்டர்களிடம் மட்டும் போகாதீர்கள். எச்.264-ஐ மறுபடியும் எச்.264 ஆக்குவதில் தரம் போகிறது, குழுச் சிக்கல் அப்படியே இருக்கிறது, போதாததற்கு இன்டர்லேஸ்டு படத்தைக் கண்டபடி கலந்து அசைவுகளில் சீப்புப் பல் மாதிரி கோடுகளை நிரந்தரமாக்கிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் எடிட்டிங்குக்கென்றே உருவான இடைநிலைக் கோடெக்குக்கு மாற்றுங்கள்: ஆப்பிள் 2007-இல் கொண்டுவந்த ப்ரோரெஸ், அவிட்டின் டிஎன்எக்ஸ்எச்டி, சினிஃபார்ம். இவற்றில் மறுபடியும் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி. இதற்குக் கொடுக்கும் விலை டிஸ்க்கில் இடம்: ப்ரோரெஸ் 422 முழு எச்டியில் 25 ஃபிரேமுக்கு விநாடிக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிபி. 11 ஜிபி கோப்பு ஐந்து மடங்காகிறதே என்று பதற வேண்டாம், அதற்காகத் தரம் கூடிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். கேமராவில் போனது போனதுதான்.

போனில் எடுத்த காட்சிக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு, அதன் ஃபிரேம் வேகம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும், டைம்லைனில் போகப் போக உதடும் பேச்சும் விலகும். அதை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும்.

இடம் இல்லாதவர்களுக்கு என் ஓட்டு பிராக்ஸிக்கு. மூலக் கோப்பைத் தொடாமல், ஒவ்வொன்றுக்கும் சிறிய அளவில் லேசான நகல் செய்து அதை வைத்து எடிட் செய்வது, கடைசியில் மென்பொருளே மூலத்துக்கு மாறி எக்ஸ்போர்ட் செய்வது. முக்கியமான எடிட்டர்கள் பலவற்றிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, பழைய கணினிக்கும் உயிர் வரும். நகலும் மூலமும் பொதுவாக ஒரே பெயர், ஒரே டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்), ஒரே எண்ணிக்கையில் ஒலித் தடங்கள் என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிடலாம். நிறம் திருத்தும் வேலையை மூலக் கோப்பைப் பார்த்தே செய்யுங்கள், நகலில் தெரியும் நிறம் ஏமாற்றும். சில மென்பொருள்களில் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ‘பிராக்ஸியைப் பயன்படுத்து’ என்று ஒரு டிக் இருக்கும், பட்டனை அழுத்துவதற்கு முன் அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.