கடைசித் தெருக் குழாயில் மிஞ்சும் குளோரின்

"எங்கள் ஊராட்சிக் குழாய்த் தண்ணீரில் சில நாள் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது, சில நாள் அடிப்பதே இல்லை. நாங்கள் இருப்பது கடைசித் தெரு. வாடை வரும் நாளில் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். லேசான வாடைதான் என்றால் தாராளமாகக் குடிக்கலாம். எனக்கென்னவோ, வாடை வராத நாட்களை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது.

வாந்திபேதியும் டைபாய்டும் தண்ணீர் வழியாகப் பரவும், குளோரின் அந்தக் கிருமிகளைக் கொல்லும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைபாய்டு பரவியபோதே பிளீச்சிங் பவுடரைக் கொண்டு குடிநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்தார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரத்துக்கு வரும் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வேலை மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டருடையது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்திருப்பதை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது பொறுத்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் தொட்டிக்குள் நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கரைந்த குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. அயனிக்கு எதிர் மின்சுமை (நெகட்டிவ் சார்ஜ்) உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர் மின்சுமை கொண்டதுதான். அதனால் அயனியால் எளிதில் உள்ளே போக முடிவதில்லை. அமில மூலக்கூறுக்கோ மின்சுமையே கிடையாது, அளவிலும் சிறியது. தடுப்பார் இல்லாமல் செல்சவ்வைத் தாண்டிவிடுகிறது. உள்ளே போனதும் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. வெந்நீரில் விழுந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல அந்தப் புரதங்கள் உருக்குலைந்து திரண்டுவிடுகின்றன. பாக்டீரியா செத்துப்போகிறது.

இதைவிட வியப்பான விஷயம், நம் உடம்பே இந்த அமிலத்தைத் தயாரிக்கிறது என்பது. நியூட்ரோஃபில் என்ற ரத்த வெள்ளையணு கிருமியை விழுங்கியதும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தனக்குள்ளேயே உண்டாக்கி அதைக் கொல்கிறது. அதற்கு உதவும் நொதியின் நிறம் பச்சை. சீழ் சில நேரம் பச்சையாகத் தெரிய அதுவும் ஒரு காரணம். தொட்டி ஆபரேட்டர் வாளியில் கரைத்து ஊற்றுவது, நம் ரத்தம் தினமும் கையாளும் அதே ஆயுதம்.

எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பிஎச் மதிப்பு தீர்மானிக்கிறது (அமிலமா காரமா என்று காட்டும் அளவு அது; ஏழுக்கு மேலே போகப் போகக் காரம்). ஏழரையில் பாதிக்குப் பாதி. ஆறரையில் பத்தில் ஒன்பது பங்கு அமிலம். எட்டரைக்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். போர்வெல் தண்ணீர் காரத்தன்மையோடு இருக்கும் ஊர்களில் அதே 120 கிராம் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது இதனால்தான். காரத் தண்ணீர் சகல நோயையும் தீர்க்கும் என்று சொல்லி மெஷின் விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வயிற்றுக்குள் போனதும் இரைப்பை அமிலம் அந்தக் காரத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அந்தக் காசுக்கு ஓர் ஊருக்கே பல வருடம் தண்ணீர்ப் பரிசோதனை செய்யலாம்.

சரி, கடைசித் தெருவுக்கு வருவோம். குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. பாசி, இரும்பு, அம்மோனியா, குழாயின் உட்சுவரில் படிந்த அழுக்கு என்று எதிர்ப்படும் எல்லாவற்றோடும் வினைபுரிந்து செலவாகிறது. புது பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின்; 4 கிராம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம். ஈரமும் சூடும் பட்டுக் கிடந்த மூட்டை என்றால் அதுவும் குறையும். இத்தனைக்கும் பிறகு கடைசிக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை.

அங்கே ஏன் மிஞ்ச வேண்டும்? நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் ஒரு சின்ன விரிசல் இருந்தால் போதும், அழுக்கு நீர் உள்ளே புகுந்துவிடும். தொட்டியில் எவ்வளவு சுத்தமாக இருந்த தண்ணீரும் வழியில் கெட்டுப்போகலாம். மிஞ்சிய குளோரின்தான் அங்கே காவல். பெரிய அளவில் கழிவு கலந்தால் அதனாலும் தாங்க முடியாது.

அப்படித் தோற்கும்போதும் அது ஒரு தகவலைத் தந்துவிட்டுத்தான் போகிறது. நேற்றுவரை 0.3 காட்டிய குழாய் இன்று பூஜ்யம் காட்டினால், பவுடர் சரியாகப் போட்டிருக்கும் பட்சத்தில், நடுவில் எங்கோ ஏதோ குளோரினைத் தின்கிறது என்று பொருள். தெருத் தெருவாகத் தண்ணீர் பிடித்து, குளோரின் சோதனைப் பெட்டியில் வரும் மருந்தைச் சொட்டு விட்டு, சில நொடிகளில் தெரியும் மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுக்கொண்டே போனால், நிறம் எந்தத் தெருவில் வெளுக்கிறதோ அந்தப் பக்கத்துக் குழாயைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் "குழாய் மாற்றம்" என்று பொதுவாக ஒரு வரி எழுதுவதற்கும், எந்தத் தெருக் குழாய் என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சோதனைதான். நிதி இல்லாமலும் இல்லை. 2021 முதல் 2026 வரை 15ஆவது நிதி ஆணையத்தின் ஊராட்சி மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதில் தொட்டி கட்டினால் கண்ணுக்குத் தெரியும், சோதனை முடிவுகளை எழுதிவைக்கும் நோட்டு யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு அந்த நோட்டுதான் முக்கியம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: மூக்கை நம்ப வேண்டாம், 0.2 இருந்தும் வாடை தெரியாமல் போகலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் உங்கள் வீட்டுக் குழாயிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யம் வந்தால் அன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தேதியோடு எழுதிவைத்து அடுத்த கிராம சபையில் கொடுங்கள்.