சொல் விளக்கம்: ‘பர்ன் அவுட்’டும் நோய் விடுப்பும்

சேலம் அம்மாபேட்டையில் என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்து, இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை வீட்டுக்கு வந்து விடுப்புக் கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டே ஐந்து மாதங்களாக அலுவலகம் போய்வந்தவர் அவர். “ஐயா, பர்ன் அவுட்டுன்னு எழுதுனா வேலைய விட்டு வைப்பாங்களா, கேன்சர்னு எழுதுனா விட்டு வைப்பாங்களா?” என்று கேட்டார். அவருடைய நோயைப் பற்றி மேலாளருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவர் வேலைப்பளுவால் பர்ன் அவுட் ஆனவர். அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்ததும் மேலாளர்தான்.

சொல்லை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு விண்ணப்பத்தில் எழுதிக் கையொப்பமிடும் அளவுக்கு அதன் பொருள் எனக்கு அன்று தெளிவாக இருக்கவில்லை. கடிதத்தை மறுநாள் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டுத் தேடிப் பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ முதலில் நெருப்புக்கு உரிய வினை. எரிய வேண்டியது முழுவதும் எரிந்து தீர்ந்தபின் தீ தானே அடங்குவதை அது குறித்தது. பிற்காலத்தில் மின்விளக்கின் இழை அறுவதும், மோட்டாரின் காயில் கருகுவதும், ஏவூர்தியில் எரிபொருள் தீர்ந்துபோகும் கணமும் அதே சொல்லால் வழங்கலாயின. விசைத்தறி ஓடும் நம் ஊர்த் தெருக்களில் ‘காயில் போச்சு’ என்று சொல்லி மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிச் செல்பவர்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. மனிதருக்கு உரிய கலைச்சொல்லாக இதை நிலைபெறச் செய்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர். நியூயார்க்கில் தம் அன்றாடத் தொழிலோடு இலவச மருத்துவமனை ஒன்றிலும் பணியாற்றிய அவர், மிகுந்த ஆர்வத்தோடு அங்கே வந்து சேர்ந்தவர்களே சிறிது காலத்தில் வெறுமையடைந்து நிற்பதைக் கண்டு, 1974ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்றில் அந்த நிலைக்கு இப்பெயரை வைத்தார். அவரும் அதற்கு ஆளானவர்தாம். 1981ஆம் ஆண்டு கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதனை அளப்பதற்கான வினாப்பட்டியலை வெளியிட்டபின் சொல் ஆய்வுலகில் வேரூன்றியது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பர்ன் அவுட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அது நோய்களின் வரிசையில் இல்லை. உடல்நலத்தைப் பாதிக்கும் காரணிகளின் அதிகாரத்தில், தொழில் சார்ந்த ஒரு நிகழ்வாக மட்டும் அது வைக்கப்பட்டுள்ளது. பணியிடத்தில் நெடுங்காலம் நீடித்து, சமாளிக்கப்படாமல் போன அழுத்தத்தின் விளைவு என்று அதற்கு இலக்கணம் கூறி, ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்புக் கொள்ளுதல், செய்திறன் குறைதல் என மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. வேலைக்கு வெளியே, வாழ்க்கையின் வேறு எந்தத் துறையில் நேரும் களைப்புக்கும் இந்தச் சொல்லை ஆளக் கூடாது என்றும் அந்த விளக்கம் தெளிவாகக் கூறுகிறது. சுவீடன் போன்ற சில நாடுகள் இதனை ஒட்டிய ஒரு நிலையை நோயாகவே ஏற்று விடுப்பு வழங்குகின்றன. அங்கே 2005ஆம் ஆண்டு முதல் அதற்குத் தனிப் பெயரும் குறியீடும் உண்டு. நம் நாட்டில், மருத்துவச் சான்றில் ‘பர்ன் அவுட்’ என்று மட்டும் எழுதியிருந்தால், நோயின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை என்றே பொருள்.

இனித் தமிழுக்கு வருவோம். பத்திரிகைகள் இதனைப் பணிச்சோர்வு என்றும், சில இடங்களில் மனச்சோர்வு என்றும் எழுதுகின்றன. இரண்டாவதை உடனே தள்ளிவிடலாம். மனநல மருத்துவர்கள் அச்சொல்லை டிப்ரஷன் என்னும் நோய்க்கு உரியதாக ஆக்கிவிட்டார்கள், அதனை இங்கேயும் ஆண்டால் இரண்டுக்கும் கேடு. முதலாவதில் உள்ள குறை சற்று நுட்பமானது. சோர்வு, களைப்பு, அலுப்பு, அசதி, அயர்வு, இளைப்பு என்று தமிழில் இந்தக் குடும்பத்துக்கு உறுப்பினர் பலர் இருந்தாலும், அவர்கள் எந்த வினைகளோடு சேர்ந்து வருகிறார்கள் என்று பாருங்கள்: அலுப்புத் தீரக் குளித்தான், களைப்பு நீங்க உறங்கினாள், இளைப்பாறினார்கள். தீர்தலும் நீங்குதலும் ஆறுதலும் அடுத்து வரும் என்னும் நம்பிக்கையை இச்சொற்கள் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நல்ல தூக்கமும் போதும் என்பது அவற்றின் வாக்குறுதி. பர்ன் அவுட் என்பதோ அந்த வாக்குறுதி பொய்த்துப்போன நிலை. அதற்குச் சோர்வு என்று பெயர் வைத்தால், ‘ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாங்க, சரியாப் போயிரும்’ என்னும் பதிலை நாமே வரவழைத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

ஆங்கிலத்தை அப்படியே பின்பற்றி ‘பணியெரிவு’ என்று ஆக்கியவர்களும் உண்டு. தமிழில் எரி என்னும் வேர் மனத்துக்கு வரும்போது சினத்தின் பக்கமோ பொறாமையின் பக்கமோ போய்விடுகிறது. எரிச்சல், வயிற்றெரிச்சல், எரிந்து விழுதல் ஆகியவற்றைக் காண்க. பணியெரிவு என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நெஞ்செரிவின் தம்பி போல என் காதில் விழுகிறது.

சேலத்து மக்கள் வாயில் இதற்கு மிக நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது: ‘ஓஞ்சு போயிட்டேனுங்க.’ தறிக்காரரும் சொல்வார், மாமியாரைப் பத்தாண்டு படுக்கையில் வைத்துப் பார்த்த மருமகளும் சொல்வார். இந்த ஓய்தல் மிகப் பழைய சொல். தொல்காப்பிய உரியியல் ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ என்னும் நான்கையும் எடுத்துக்கூறி, அவை ‘உள்ளதன் நுணுக்கம்’ என்னும் பொருளன என்கிறது. அதாவது, இருந்த ஒன்று சிறுகச் சிறுக நுணுகிப் போதல். கலித்தொகையில் கோடையின் வெம்மையால் வருந்தி மெலிந்த யானை ‘ஓய்களிறு’ எனப்படுகிறது. அந்தக் களிறு களைத்திருக்கிறது என்பதோடு அந்தச் சொல் நிற்கவில்லை. அதன் வலிமையே தேய்ந்துவிட்டது என்கிறது. பர்ன் அவுட்டின் முதல் அடையாளமாகிய ஆற்றல் வற்றிப்போதலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் காணவில்லை.

இடர் என்னவென்றால், அதே வேரிலிருந்து பிறந்த ஓய்வு என்னும் பெயர்ச்சொல் முற்றிலும் எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல் உழைத்து ஓய்ந்துபோனான்’ என்னும்போது, இல்லாமற்போனதும் வந்து சேர்ந்ததும் ஒரே வேர். ‘பணி ஓய்வு’ என்றாலோ மாலையும் சால்வையும் பிரிவுபசார விழாவும்தான் நினைவுக்கு வரும். ஆகவே, வினையாக வரும் இடங்களில் ஓய்ந்துபோதல் என்றும், பெயராக வேண்டிய இடங்களில் ‘பணித்தேய்வு’ என்றும் ஆளலாம் என்பது என் கருத்து. தேய்பிறைக்குப் பின் வளர்பிறை உண்டே என்று ஒருவர் மறுக்கலாம். அது எனக்கு உடன்பாடே. பணித்தேய்வு மீள முடியாத நிலை அன்று; ஓரிரவில் மீளாத நிலை, ஓரிரவில் வந்துவிடாத நிலையும்கூட.

சேலத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு கல் போதும். நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையில் உள்ள கரடுகளில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டை மிதமான சூட்டில் சுட்டால், வருவது இன்னும் நீரோடு வினைபுரியும். ஏறத்தாழ 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால், வருவது நீருக்கு அசைந்து கொடுக்காத கட்டி. அப்படி அசையாத குணத்துக்காகவே அதை எஃகு உலைகளின் உட்சுவருக்குப் பயன்படுத்துகிறார்கள். களைத்தவர் ஓய்வு என்னும் நீரை உடனே உறிஞ்சிக்கொள்கிறார். தேய்ந்தவர்மேல் அது வழிந்தோடுகிறது. மனிதரை உலைச்சுவராக வைத்துக்கொள்ள விரும்பும் அலுவலகங்களுக்கு இந்த உவமை பிடித்துப்போய்விடுமோ என்னும் அச்சமும் எனக்கு உண்டு.

இப்போது அந்தப் பெண்ணின் களைப்புக்கு வருவோம். புற்றுநோயாலும் அதற்கான மருந்துகளாலும் வரும் களைப்பும் தூக்கத்தால் தீர்வதில்லை. செய்த வேலையின் அளவுக்குப் பொருந்துவதும் இல்லை. பார்ப்பதற்குப் பணித்தேய்வு போலவே இருக்கும். ஆனால் அதன் காரணம் பணியிடத்தில் இல்லை, உடலுக்குள் இருக்கிறது. எனவே வகைப்பாட்டின் சொற்படியே அதற்குப் பர்ன் அவுட் என்னும் பெயர் பொருந்தாது. இந்தக் குழப்பம் நோய் இருப்பதே தெரியாமலும் நேர்கிறது: இரத்தசோகையும் தைராய்டு குறைவும் காசநோயும் சர்க்கரையும் தரும் தளர்ச்சியை ‘ஆபீஸ் டென்ஷன்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் நம் தெருக்களில் குறைவா? ஒருவரிடம் இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. இந்தப் பெண் மருந்து ஏற்றிக்கொண்ட அந்த ஐந்து மாதங்களிலும், விலகிப்போன இன்னொருவரின் கணக்குகளையும் சேர்த்தே பார்த்துவந்திருக்கிறார்.

நோய் என்னும் சொல்லைக் கண்டு நாம் கூசுகிறோம். ‘உடல்நலக் குறைவு’ என்கிறோம், ‘மேலுக்கு முடியல’ என்கிறோம். பிந்தியதில் முடியாமை ஒன்றே நோயையும் இயலாமையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘உடம்புக்கு முடியவில்லை’ என்றால் கேட்பவர் இரங்குவார். ‘வேலைக்கு முடியவில்லை’ என்றால் மறுப்பதாக எடுத்துக்கொள்வார். நோய் என்பதோ நோ என்னும் வேரிலிருந்து வந்த சொல். நோதல் என்றால் வருந்துதல். உடலுக்கு மட்டும் என்று அது ஒருகாலத்தில் எல்லை கட்டிக்கொள்ளவில்லை. திருக்குறளின் காமத்துப்பாலில் தலைவி, இந்த நோயை நான் மறைக்கவே பார்க்கிறேன், ஆனால் இறைக்க இறைக்க ஊறும் நீரைப்போல இது பெருகுகிறது என்கிறாள். அலுவலகத்தில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முடி கொட்டியதற்கு வேறு காரணம் சொல்லிவந்த என் மாணவியை நினைத்தபோது, அந்தக் குறளை இத்தனை ஆண்டுகள் வகுப்பில் ஒரே பொருளில் மட்டும் நடத்தியிருக்கிறேனே என்று தோன்றியது.

விடுப்பு என்னும் சொல் விடு என்னும் வினையின் வழியில் வந்தது. விடுதலை, விடுமுறை, வீடுபேற்றின் வீடு எல்லாம் அதன் உறவுகள். விடுமுறை எல்லார்க்கும் பொதுவாக வருவது. விடுப்பு ஒருவர் கேட்க மற்றொருவர் அளிப்பது. ஆங்கிலத்தின் ‘லீவ்’ என்பதற்கும் இவ்விடத்தில் விட்டுச் செல்லுதல் என்பது பொருள் அன்று. அனுமதி என்னும் பொருள்கொண்ட ஒரு பழைய பெயர்ச்சொல்தான் அது. இரு மொழியிலும் பிடித்திருப்பவர் விட்டால்தான் உண்டு. யாழ்ப்பாணத் தமிழில் விடுப்புக்கு ஊர்வம்பு என்றும் பொருள் உண்டு என்பதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, “எங்க ஆபீசுல ரெண்டும் ஒண்ணுதான் ஐயா” என்று சிரித்தார். ‘மருத்துவ விடுப்பு’ என்று எழுதினால் சான்றுதான் முன்னே நிற்கிறது, ‘நோய் விடுப்பு’ என்றால் ஆள் நிற்கிறார். அரசு அலுவலகங்களில் முன்னது ஊன்றிவிட்டது. நான் பின்னதையே விரும்புகிறேன்.

எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பது பணத்திலும் போய் முடிகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் விடுப்பு என்கிறது. மருந்து ஏற்றும் ஒருவருக்கு அது எம்மாத்திரம்? மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்று, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவருக்கு, நோய்க்காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் புற்றுநோய், காசநோய் உட்பட அதன் பட்டியலில் உள்ள நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டுத் தொடர்பணி முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படும். அந்தப் பட்டியலில் பர்ன் அவுட் இல்லை. அத்தோடு, நோய்க்காலப் பணப்பயன் பெற்றுவரும் ஒருவரை அந்தக் காலத்தில் வேலைநீக்கம் செய்யலாகாது என்று 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு வகுத்தது. மேலாளர் எடுத்துக் கொடுத்த சொல் கேட்க நாகரிகமாக இருந்தது. அதன் விலை இவ்வளவு.

உடன் வேலை பார்ப்பவர்கள் அவருக்குச் சொன்ன வைத்தியம், ஒரு வாரம் ஏற்காட்டில் போய் இருந்துவிட்டு வரச் சொன்னது. மருந்தேறிய உடம்பு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்குமா என்று அவர்கள் யோசித்திருக்க வழியில்லை, அவர்களுக்குத் தெரிந்தது பர்ன் அவுட்தானே. நாம் இளைப்பாறப் போகும் அதே மலையில்தான் காபித் தோட்டங்களில் கூலிவேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் சான்றளித்தால் அவர்களுக்கு நோய்க்காலப் படி தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகைசெய்தது. அவர்களில் யாரும் பர்ன் அவுட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்ந்துபோனேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் இரண்டு தாள்கள் எழுதி வைத்திருந்தேன். முதல் தாளில், ‘பொருள்: நோய் விடுப்பு வேண்டுதல் தொடர்பாக’ என்றும், மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது என்றும் இருந்தது; நோயின் பெயர் சான்றில் மட்டும், அதைப் பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கும்படி. இரண்டாம் தாளில், இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்துவந்த மாதங்களையும் மணிகளையும் குறிப்பிட்டு, பணித்தேய்வு என்னும் சொல்லையும் அதன் கீழே ஒரு வரி விளக்கத்தையும் எழுதி, திரும்பி வரும்போது வேலை பகிர்ந்து தரப்பட வேண்டும் என்று கேட்டிருந்தேன். இரண்டையும் நிதானமாகப் படித்தார். முதல் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவதை நான்காக மடித்து என் மேசைமேல் இருந்த அகராதிக்குள் செருகிவிட்டு, “இது இங்கயே இருக்கட்டும் ஐயா, வந்து வாங்கிக்கறேன்” என்றார்.