கொசுவின் கண்ணுக்குப் பின்னால் ஓடும் வயரிங்

பனம்பழம் விழத் தொடங்கிவிட்டால் வன்னியில் எந்த வளவிலும் கொசுவுக்குக் குறைவிருக்காது. நுளம்பு வேறு, பழத்தைச் சுற்றும் சிவந்த கண்ணுள்ள சின்னப் பூச்சியைத்தான் இங்கே கொசு என்கிறோம். உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கும் டுரோசோபிலாவும் இந்தக் கூட்டந்தான். அடித்துப் பாருங்கள், அநேகமாகக் கை வெறுமையாகத்தான் திரும்பும். கை வருவதை அது எப்படி அறிகிறது என்பதற்கு இன்று கலம் கலமாகப் பதில் சொல்லலாம்.

அதன் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் 750 முதல் 800 வரையான சிறுகண்கள், ஒவ்வொன்றிலும் 8 ஒளிவாங்கிக் கலங்கள். கண்ணுக்குப் பின்னே லமினா, மெடுலா, லொபுலா, லொபுலாத் தட்டு என்று அடுக்குகள். சிறுகண் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு நிரல் உள்ளே போகிறது, மிளகாய்த் தோட்டத்துப் பாத்திகள் மாதிரி. ஒவ்வொரு பாத்தியிலும் ஏறக்குறைய அதே கலங்கள் திரும்ப வருகின்றன. ஒரு நிரலில் மட்டும் ஒரு கலம் காணாமற்போனால், பிழை பூச்சியில் இல்லை, வரைபடத்தில்தான் என்று உடனே சந்தேகிக்கலாம்.

வரைபடத்தைக் கீறுவதுதான் பெரும்பாடு. நரம்பு இழைகள் சில 50 நனோமீற்றர் அளவுக்கு மெல்லியவை. பாடசாலை ஒளி நுணுக்குக்காட்டி 200 நனோமீற்றருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. ஆகவே இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். மூளையை ஒஸ்மியம் என்ற உலோகத்தின் கரைசலில் ஊறவிட்டால் கல மென்சவ்வுகள் கறுக்கும். பிறகு அதைப் பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் 40 நனோமீற்றர் தடிப்பில் சீவுகிறார்கள். உயர்தர மாணவர் சவர அலகால் தண்டு சீவும் அதே வேலைதான். ஆனால் இந்தச் சீவல் தலைமயிரின் தடிப்பில் 2,000இல் ஒரு பங்கு. முழு மூளைக்கு ஏறத்தாழ 7,000 சீவல்கள் போயின. ஒன்று மடிந்தாலோ கிழிந்தாலோ அந்த இடத்தில் இழையின் தொடர்ச்சி அறுந்துபோகும். அந்தச் சீவல்களைப் படமெடுக்கும்போது இடமும் வலமும் மாறியிருந்ததும் பின்னர்தான் தெரியவந்தது.

படங்களை அடுக்கி, ஒவ்வொரு கலத்தையும் தனியாகப் பிரிப்பது கணினி. அது விடும் பிழை இரண்டு விதம்: இரண்டு கலங்களை ஒன்றாக ஒட்டிவிடும், அல்லது ஒரு கலத்தை நடுவிலே வெட்டிவிடும். இதை மனிதர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 2024இல் வெளியான ஒரு பெண் பூச்சியின் முழு மூளை வரைபடத்தில் 139,255 நரம்புக்கலங்கள், ஏறத்தாழ 5 கோடி இணைப்புகள்.

இனி வகைபிரிப்பு. 1915இல் ஸ்பானிய நரம்பியலாளர்கள் கஹாலும் சான்செஸும் வெள்ளிச் சாயமிட்டு வடிவத்தைப் பார்த்தே பூச்சிக் கண்ணின் கலங்களை வகுத்தார்கள். ஆனால் வடிவம் ஏமாற்றும். ஒரு கலம் யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுக்கிறது என்பதே உறுதியான அடையாளம். தற்செயலான தொடுகையைத் தவிர்க்க, 5 இணைப்புக்குக் குறைந்தவற்றை வழக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. இப்படி, கண்ணுக்குப் பின்னேயுள்ள அந்த அடுக்குகள் சேர்ந்த பார்வை மடலில், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஏறத்தாழ 38,500 கலங்கள் 227 வகைகளாயின. எம்ஐ1 என்ற வகை நிரலுக்கு ஒன்று. சிரி1 என்பதோ முழு மடலுக்கும் ஒரே ஒரு கலம்!

கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியது, வெளிச்ச விளிம்பு நகரும் திசையை உணரும் ரி4 கலம். அதன் கிளையின் ஒரு முனையில் எம்ஐ9, நடுவில் எம்ஐ1உம் ரிஎம்3உம், மறுமுனையில் எம்ஐ4உம் சிரி1உம் வந்து இணைகின்றன. எம்ஐ9 இருட்டில் இயங்கி ரி4ஐ அமுக்கி வைத்திருக்கும். வெளிச்ச விளிம்பு அந்தப் பக்கத்தால் வந்தால் முதலில் பிடி தளரும், உடனே நடுவிலிருந்து தூண்டல் வரும், கலம் பலமாகத் துலங்கும். எதிர்ப்பக்கத்தால் வந்தால் எம்ஐ4 முந்தி அமுக்கிவிடும். எந்த இணைப்பு தூண்டும், எது அமுக்கும் என்பதை வயரிங் மட்டும் சொல்லாது, கலம் வெளிவிடும் இரசாயனமான நரம்புக்கடத்தி எது என்று தெரியவேண்டும். மனித மூளையில் பெரும்பாலும் தூண்டுகிற குளுட்டமேற்று, இங்கே எம்ஐ9இலிருந்து வந்து அமுக்குகிறது.

இருண்ட விளிம்புக்கு ரி5. இரண்டிலும் நாலு திசைக்கு நாலு உபவகை. அவை லொபுலாத் தட்டின் நாலு படைகளில் தனித்தனியே முடிகின்றன. அங்கே எல்பிஎல்சி2 என்ற கலம் படைக்கு ஒன்றாக நாலு கிளைகளை, சிலுவை போல, நடுவிலிருந்து வெளியே நீட்டியிருக்கிறது. நெருங்கி வரும் கை கண்ணில் எல்லாப் பக்கமும் விரியும். நாலு கிளையும் ஒன்றாகத் தூண்டப்பட, செய்தி, கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் இராட்சத நரம்பிழைக்குப் போய், நடுக்கால்கள் உதைக்கும். மேலே ஆடும் பனையோலை ஒரு பக்கமாகத்தான் நகர்கிறது. ஒரு திசைக் கிளை மட்டும் தூண்டப்பட்டால் எல்பிஎல்சி2 அசையாது, கொசுவும் பழத்தை விட்டு எழாது.