500க்குச் சற்றுக் கீழே நிற்கும் கப்பல்கள்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துப் பையன்கள் பயிற்சி முடித்து, மாலுமிக்கான அடையாளப் புத்தகமான சிடிசி வாங்கியதும், முதல் அழைப்பு பெரும்பாலும் பெரிய கம்பெனிக் கப்பலிலிருந்து வருவதில்லை. வளைகுடாவிலோ ஆப்பிரிக்கக் கரையிலோ ஓடும் ஒரு சின்னச் சரக்குக் கப்பலிலிருந்து வருகிறது. கோஸ்டர் என்பார்கள். எழுபது மீட்டருக்கு முன்பின் நீளம், ஏழெட்டுப் பேர் வேலை. "போகலாமா சார்?" என்று அப்பாமார் என்னிடம் கேட்கிறார்கள். சம்பளத்தை விசாரித்திருப்பார்கள், ஏஜென்ட்டை விசாரித்திருப்பார்கள். கப்பலை விசாரித்தவர்கள் குறைவு. கப்பல்களைச் சர்வே செய்வது என் தொழில் என்பதால் இதை எழுதுகிறேன். சின்னக் கப்பல் எந்தக் கணக்கில் கட்டப்படுகிறது என்று புரிந்துவிட்டால், அதன் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கரையோரச் சரக்கு நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடித் தோணிகள் முதலில் பாய் விரித்தும் பிறகு எஞ்சின் வைத்தும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தன. குளச்சலில் கப்பல் கரையை ஒட்டி நிற்க வழியில்லை; தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், வள்ளங்களில் சரக்கு போகும். அப்படி இந்தப் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் தொழிலின் தொடக்கம் அது.

இன்றைய கோஸ்டரின் வடிவம் ஐரோப்பாவில் உருவானது. 1852இல் இங்கிலாந்தின் ஜாரோவில் 'ஜான் போவ்ஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பலை இறக்கினார்கள். வேலை, லண்டனுக்கு நிலக்கரி கொண்டுபோவது. சுமார் 650 டன்னை அது சில நாட்களில் சேர்த்தது. பாய்க்கப்பல்களுக்கு அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதைவிட முக்கியம் அடிப்பாரம். நிலக்கரியை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கப்பல் கவிழாமலிருக்க, மணலையும் சரளையையும் அள்ளிப் போட்டு மறுபடி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வகைக் கப்பல்களில் அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்தது. இன்றைய பலாஸ்ட் டேங்க் அந்த வழியில் வந்ததுதான். ஸ்காட்லாந்தில் பஃபர் என்ற தட்டையடிக் கப்பல்கள் கால்வாய் மதகுக்குள் நுழைவதற்காக 66 அடியில் நின்றன. வற்றத்தில் மணலில் உட்கார்ந்தே சரக்கை இறக்கும். அப்புறம் டச்சுக்காரர்களின் டீசல் கோஸ்டர்கள் வந்தன. ஆறும் மதகும் துறையின் ஆழமும் கப்பலின் உருவத்தைத் தீர்மானித்த காலம் அது.

இப்போது அந்த வேலையை ஓர் எண் செய்கிறது. கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் பெரும்பகுதி, சர்வதேசப் பயணம் போகும் சரக்குக் கப்பல்களில் 500 கிராஸ் டன்னேஜும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான். அதற்குக் கீழே என்றால் கப்பலைப் பதிவு செய்த நாட்டின், அதாவது கொடி நாட்டின், விதிகள். கிராஸ் டன்னேஜ் என்பது எடைக் கணக்கல்ல, கப்பலின் மூடிய பகுதிகளின் கன அளவிலிருந்து வரும் எண். அதனால் 499இல் நிற்கும்படி வரைந்த கப்பல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. கன அளவைக் குறைக்க எதைக் குறைப்பார்கள்? சரக்கிடத்தைக் குறைக்க முதலாளிக்கு மனம் வராது. மேல்தளத்தின் உயரம் குறையும், முன்பக்க உயர்த்தளம் குறையும், ஆள் படுக்கும் கேபின் குறையும். நீர்மட்டத்துக்கு மேலே மூடிய கட்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் கப்பல் அலையில் அமுங்கி மறுபடி எழுவதற்கான சேமிப்பு. அதில்தான் கை வைக்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்து, ஒற்றை ஹோல்ட். ஹோல்ட் என்பது சரக்கு வைக்கும் அறை. பெரிய கப்பலில் குறுக்குச் சுவர்கள் ஹோல்டுகளைப் பிரிக்கும். ஒன்றில் தண்ணீர் ஏறினாலும் மற்றவை தாங்கும். கோஸ்டரில் நீளச் சரக்கும் ஏற்ற வேண்டும், கிராப் (கிரேனின் அள்ளும் வாளி) தடையில்லாமல் அள்ளவும் வேண்டும் என்பதற்காக ஒரே பெட்டியாக விட்டுவிடுவார்கள். 45 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள காலி ஹோல்டில் வெறும் 30 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால், அது ஏறத்தாழ 110 டன். அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இதற்காகவே 80 மீட்டருக்குக் குறைந்த ஒற்றை ஹோல்ட் கப்பல்களில் நீர்மட்ட அலாரம் வேண்டும் என்று சோலாஸ் சொல்கிறது: 30 சென்டிமீட்டர் அளவில் ஒன்று, ஹோல்ட் ஆழத்தின் 15 சதவீதத்துக்குள் இன்னொன்று. போதிய அகலத்தில் இரட்டைப் பக்கச்சுவர் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. 499 கப்பலில் அலாரம் இருக்குமா என்பது கொடியைப் பொறுத்தது. ஏறியதும் கேளுங்கள். இருந்தால் வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஹோல்டின் அடியில் கசிநீர் சேரும் பில்ஜ் கிணறுகளை அளவுக்கம்பி விட்டுப் பார்ப்பது ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

தண்ணீர் பெரும்பாலும் வருவது மேலிருந்து, ஹோல்டின் வாயை அடைக்கும் ஹாட்ச் மூடி வழியாக. பழைய கப்பல்களில் மரப்பலகை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, ஆப்பு அடித்து மூடினார்கள். மெக்கிரகர் சகோதரர்களின் இரும்பு மூடிகள் 1920களின் இறுதியில் வந்து அதை மாற்றின. இரும்பு மூடியின் உயிர் அதன் அடிவிளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை. சர்வேயில் நாங்கள் செய்யும் மிக எளிய சோதனை இது: ரப்பர் வந்து உட்காரும் இரும்பு விளிம்பில் சாக்பீஸைத் தேய்ப்போம். மூடியை மூடி, கிளீட் என்ற இறுக்குப் பிடிகளை எல்லாம் இறுக்கி, மறுபடி திறப்போம். ரப்பரில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு விட்டுப்போன இடத்தில் அழுத்தம் இல்லை. கோடு முழுதாக இருந்தாலே நீர்புகாது என்று சொல்லிவிட முடியாது. ஹோஸ் பீய்ச்சியோ அல்ட்ராசானிக் கருவி வைத்தோதான் அதை உறுதி செய்வோம். ஆனால் விட்டுப்போன கோடு பொய் சொல்லாது. பட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ, மேலே பெயின்ட் அடித்திருந்தாலோ, இடைவெளியில் ஃபோம் அடைத்து டேப் ஒட்டியிருந்தாலோ அந்த மூடி தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். சரக்கு நனையும் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது.

கப்பலின் நடுவில், வெளிப்பக்கத்தில் வட்டமும் கோடுகளும் இருக்குமே, அதையும் பாருங்கள். அந்த அளவுக்கு மேல் கப்பல் முங்கும்படி சரக்கு ஏற்றக்கூடாது. 1870களில் சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் போராடி வாங்கிய அடையாளம். 'டி' வெப்பமண்டலக் கோடு, 'எஸ்' கோடைக் கோடு. இரண்டுக்கும் இடைவெளி கோடை மிதவை ஆழத்தில் 48இல் ஒரு பங்கு, 4.8 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். நம் ஆனி, ஆடிக் கடலில் அரபிக் கடலுக்குள் போகிற கப்பல் 'எஸ்' கோட்டைத்தான் மதிக்க வேண்டும். கோடு முங்கிக் கிடக்கிறது என்றால், ஏற்கெனவே குறைத்துக் கட்டிய சேமிப்பையும் யாரோ விற்றுவிட்டார்கள்.

அடுத்து ஆட்டம். கடற்கரையில் பிறந்தவனுக்கு வள்ளம் ஆடுவதை வைத்து அதன் நிலை உடம்பிலேயே தெரியும். கப்பலில் அதை எண்ணாகவே எடுக்கலாம். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், மறுபடி பழைய பக்கம் வர எத்தனை வினாடி? பத்து ஆட்டங்களுக்குப் பார்த்துச் சராசரி எடுங்கள். அகலத்தை 0.8ஆல் பெருக்கி, அந்த வினாடியால் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஜிஎம், அதாவது கப்பல் சாய்ந்தால் நிமிரும் வலுவைக் காட்டும் அளவு, தோராயமாக மீட்டரில் கிடைக்கும். 10 மீட்டர் அகலக் கப்பல் 8 வினாடியில் ஆடினால் 1 மீட்டர், 12 வினாடி என்றால் 0.44, 16 வினாடி என்றால் 0.25. சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்சம் 0.15. அதனால் புறப்பட்டபோது 10 வினாடியில் ஆடிய கப்பல் இரண்டாம் நாள் 15 வினாடியில் சோம்பலாக ஆடினால், எங்கோ தண்ணீர் ஏறியிருக்கலாம் அல்லது டேங்க் பாதி காலியாகியிருக்கலாம். மெதுவாக ஆடுவது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பிப் படுத்துவிடக்கூடாது, மாஸ்டரிடம் (கேப்டனிடம்) உடனே சொல்ல வேண்டும். மறுபுறம், இல்மனைட் மாதிரி கனமான மணல் ஹோல்டின் அடியில் மட்டும் கிடக்கும்போது கப்பல் வெடுக்வெடுக்கென்று ஆடும். அது எளிதில் கவிழாது, ஆனால் சரக்கின் கட்டுகளை அறுக்கும், ஆளைத் தூக்கி எறியும். ஈரமான தாதுச் சரக்கு வேறு கதை: ஓரளவுக்கு மேல் ஈரம் இருந்தால் ஆட்டத்தில் குழம்பாகிவிடும். ஈரச் சான்றிதழ் இல்லாமல் அதை ஏற்றவே கூடாது.

'எம்எஸ்சி எல்சா 3' சின்னக் கப்பல் இல்லை, 184 மீட்டர். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகிற குறுகிய பயணத்தில் சாய்ந்து, 2025 மே 25 அன்று 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. 24 பேரும் பிழைத்தார்கள். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் நம் மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. கரை பக்கத்தில்தானே என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ஊரிலிருந்தே செய்ய வேண்டியதும் உண்டு. ஏஜென்ட்டிடம் கப்பலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்கம். பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண் தவறு. கப்பல் விவரங்களைத் தரும் எக்வாசிஸ் (Equasis) தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து எண்ணைக் கொடுத்தால் கப்பலின் வயது, உரிமையாளர், எந்தத் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள் என்பது வரை பார்க்கலாம். ஏஜென்ட்டுக்கு மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்பதைக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் பாருங்கள். வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண், ஒப்பந்த நகல் மூன்றும் வீட்டில் இருக்கட்டும். நம் கடற்பகுதியில் ஆபத்து என்று தெரிந்தால் கடலோரக் காவல்படையின் 1554ஐ அழைத்து இந்த விவரங்களைச் சொல்லலாம்.