சுகர்காரர் மயங்குனா சீனி குடுங்க, தயவுசெஞ்சு தடுக்காதீங்க

போன வாரம் மறுபடியும் ஒரு கேஸ். சுகர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுறோம்னு ராமநாதபுரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் சைக்கிள்ல கிளம்புன குரூப்ல ஒருத்தர், ஐம்பது தாண்டினவர், ரொம்ப வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடுறவர். உச்சிப்புளி தாண்டினதுல இருந்தே ஹேண்டில் ஆடியிருக்கு, என்னண்ணே ஆச்சுன்னு கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பேசியிருக்கார், கோவப்பட்டிருக்கார், மண்டபம் வர்றதுக்குள்ள ரோட்டோரம் சைக்கிளோட சாஞ்சுட்டார். வெயில்னு நினைச்சு மூஞ்சில தண்ணி அடிச்சிருக்காங்க, உப்பு போட்டு மோர் குடுத்திருக்காங்க. பக்கத்துல டீக்கடை வச்சிருக்கிற அக்கா ஒரு டம்ளர்ல சீனியை கரைச்சு ஓடி வந்தப்ப, கூட வந்த தம்பி ஒருத்தர் அந்த டம்ளரை கையால மறிச்சு "அக்கா அவருக்கு சுகர் இருக்கு, சீனி குடுத்துராதீங்க"ன்னு சொல்லியிருக்கார்.

எங்கிட்ட கொண்டு வந்தப்ப சுகர் மீட்டர்ல 38. பனியன் பிழியிற அளவுக்கு வேர்வை, உள்ளங்கை மட்டும் சில்லுன்னு இருந்துச்சு. நரம்புல குளுக்கோஸ் ஏத்தின கொஞ்ச நேரத்துல முழிச்சு, ஏன் என் ஷூவை கழட்டினீங்கன்னு கேட்டார். பொழைச்சுக்கிட்டார். ஆனா இன்னும் அரைமணி நேரம் தள்ளிப் போயிருந்தா வலிப்பு வந்திருக்கலாம், அதுக்கு மேல போனா மூளை பழையபடி திரும்பும்னு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாது.

அந்த டீக்கடை அக்கா செஞ்சதுதான் சரி. படிச்ச தம்பி செஞ்சது தப்பு. இதை எத்தனை தடவை சொல்றது. சுகர்காரர்னா ரத்தத்துல எப்பவும் சீனி கூடுதலாவே இருக்கும்னு ஜனங்க மனசுல பதிஞ்சு போச்சு. அப்படி இல்லீங்க. மாத்திரையோ இன்சுலினோ போடுறவருக்கு அது இறங்கவும் செய்யும், 70க்கு கீழ போனாலே கவனிக்கணும். ஒரு சாதாரண ஆளு உடம்புல ஓடுற அஞ்சு லிட்டர் ரத்தத்துல மொத்தமா இருக்கிற குளுக்கோஸே அஞ்சு கிராம்தான், ஒரு டீஸ்பூன். அதுவும் பாதிக்கு மேல தீர்ந்து போன நேரத்துல, மூளைக்கு அதை விட்டா உடனே எடுக்க வேற எதுவும் இல்லாத நேரத்துல, "சுகர் ஏறிரும்"னு பயந்து தடுக்கிறோம். சுகர் ஒரு மணி நேரம் 250ல நின்னா ஒண்ணும் ஆயிடாது, அதை நான் அப்புறம் பாத்துக்குவேன். 38ல ஒரு மணி நேரம் நின்னா உயிருக்கே ஆபத்து. மீட்டர் கையில இல்லையா, சுகரா வெயிலான்னு தெரியலையா, அப்பவும் சீனியைத்தான் குடுக்கணும். வெயில் மயக்கமா இருந்து சீனி குடுத்துட்டா ஒரு நஷ்டமும் கிடையாது.

எவ்வளவுன்னா 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன் சீனியை தண்ணில கரைச்சு, ஆளுக்கு நினைவு இருந்து விழுங்க முடியுதுன்னா மட்டும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா திரும்ப குடுங்க. தேறினதும் பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வைங்க. மோர்ல ஒண்ணும் நடக்காது. இளநில இருக்கிற சர்க்கரை அந்த நேரத்துக்கு பத்தாது. சாக்லேட்ல கொழுப்பு இருக்கு, ஏற லேட்டாகும். நம்ம ஊர்ல ரோட்டோரம் பதனி கெடச்சா ஒரு டம்ளர் தாராளமா குடுக்கலாம். (கருப்பட்டி சுகரை ஏத்தாதுன்னு நினைச்சு தினம் காபில போடுறவங்களுக்கும் சேத்து சொல்றேன், அதுவும் சீனிதான், நல்லாவே ஏத்தும்.) ஆளு நினைவே இல்லாம கிடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும், ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு 108க்கு அடிங்க.

இன்னொண்ணு, இதை டாக்டர்களே சில நேரம் சொல்ல மறந்துடுறாங்க. வோக்ளிபோஸ், அகார்போஸ் சாப்பிடுறவங்களுக்கு சாதா சீனி உடனே வேலை செய்யாது, குடல்ல சீனி உடையறதைத்தான் அந்த மாத்திரை தடுக்குது. அவங்க குளுக்கோஸ் பவுடர்தான் வச்சிருக்கணும். உங்க மாத்திரை அட்டையை திருப்பி பேரை படிங்க. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுறவங்களுக்கு படபடப்பும் கை நடுக்கமும் சரியா தெரியாது, வேர்வை மட்டும் வரும், சைக்கிள் மிதிக்கிறப்ப வேர்வையை யாரு கணக்குல எடுக்கப் போறா.

இதெல்லாம் சொல்றதால சுகர்காரங்க ரைடு போகக்கூடாதுன்னு சொல்றேன்னு நினைச்சுராதீங்க. போங்க, கட்டாயம் போங்க. முழுக்க டைப் 1 சுகர் (உடம்புல இன்சுலின் சுரக்காம போற வகை) உள்ளவங்களை மட்டுமே வச்சு ஒரு சர்வதேச சைக்கிள் டீமே இருக்கு, நோவோ நோர்டிஸ்க்ங்கிற இன்சுலின் கம்பெனி பேர்ல ஓட்டுறாங்க. அமெரிக்காவுல டூர் டி க்யூர்னு சைக்கிள் ஓட்டி நிதி சேக்கறது பல வருஷமா நடக்குது. ஆராய்ச்சிக்கு காசு போறது வீண் கிடையாது. 1921ல டொரண்டோவுல பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினை கண்டுபிடிச்சாங்க, 1922 ஜனவரில 14 வயசு பையன் ஒருத்தனுக்கு முதல்ல போட்டாங்க, அதுக்கு முன்னாடி டைப் 1 வந்த குழந்தைங்கன்னா பட்டினி போட்டு நாளை தள்ளுறதுதான் வைத்தியம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு 2023ல சொன்ன கணக்குப்படி நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர். அதனால இந்த ரைடுகள் மேல எனக்கு மரியாதை உண்டு. காசு எந்த நிறுவனத்துக்கு போகுதுன்னு ரசீதோட கேட்டு வாங்கிக்குங்க, அவ்வளவுதான்.

என் வருத்தமே, சுகருக்காக நடத்துற ரைடுலயே சுகர்காரரை கவனிக்க ஏற்பாடு இல்லைங்கறதுதான். ஃபாரத்துல பிளட் குரூப் கேக்கறாங்க, டீஷர்ட் சைஸ் கேக்கறாங்க, சுகர் இருக்கா என்ன மருந்துன்னு ஒரு கட்டம் போட முடியாதா? கூட வர்ற வண்டில பஞ்சர் கிட் இருக்கு, ஒரு மீட்டரும் ரெண்டு பாக்கெட் குளுக்கோஸும் ஏன் இல்லை? பாம்பன் பாலத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல பக்கவாட்டுல காத்து தள்ளும், அங்க தலை சுத்துனா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடி ரோட்ல நிழலே கிடையாது, காத்து எதிர்த்து அடிச்சா பத்து கிலோமீட்டர் இருபதுக்கு சமம், அந்த வேலைக்கு உங்க காலை மாத்திரை கணக்கு போடப்படல.

கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு, இல்லை இன்சுலின் எடுக்கிறவங்க ரைடுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க டாக்டரை பாத்து அன்னைக்கு டோஸ் எவ்வளவுன்னு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா குறைக்காதீங்க. வெறும் வயித்துல மாத்திரையை போட்டுட்டு சைக்கிள் எடுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். கிளம்பறப்ப 90க்கு கீழ இருந்தா சாப்பிட்டுட்டு கிளம்புங்க. தொடையில இன்சுலின் போட்டுட்டு உடனே மிதிச்சா மருந்து வேகமா இறங்கும், வயித்துல போடுங்க. இன்சுலின் பென்னை சைக்கிள் பைல வெயில்ல தொங்க விடாதீங்க, கெட்டுப் போயிரும், ஐஸ் மேல நேரா வைக்கவும் கூடாது. குளுக்கோஸை பிளாஸ்டிக் கவர்ல கட்டி பின் பாக்கெட்ல வைங்க, இல்லன்னா வேர்வைல கரைஞ்சுரும். டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி விரலை கழுவுங்க, குளுக்கோஸ் ஒட்டுன விரல்ல குத்துனா மீட்டர் 200ன்னு பொய் சொல்லும்.

ரைடு முடிஞ்ச சந்தோஷத்துல அரிச்சல்முனை மணல்ல வெறுங்கால்ல நடக்கிறது, மத்தியான வெயில்ல 22 தீர்த்தம் சுத்துறது, இதுலயும் கவனமா இருங்க. சுகரால கால் மரத்துப் போனவங்களுக்கு சுடுறதே தெரியாது, ரூமுக்கு வந்து கொப்புளத்தை பாத்துதான் தெரியும்.

அன்னைக்கு ராத்திரிதான் நிறைய பேர் ஏமாந்து போறது. ரைடு முடிஞ்சு பல மணி நேரம் கழிச்சும், மறுநாள் வரைக்கும்கூட சுகர் இறங்கும், தூக்கத்துல இறங்கினா யாருக்கும் தெரியாது. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, சாப்பிடாம படுக்காதீங்க, நடுராத்திரி ஒரு அலாரம் வச்சு இன்னொரு தடவை பாருங்க. ரூம்ல கூட படுக்கிறவர்கிட்ட குளுக்கோஸ் பாக்கெட் எங்க இருக்குன்னு காட்டிட்டு, நான் வேர்த்து உளறுனா கேள்வி கேக்காம இதை கரைச்சு குடுங்கன்னு சொல்லிட்டு அப்புறம் லைட்டை அணைங்க.