கடலோரப் பாதை சமதளமாக இருப்பதில்லை

ஏழு நாள் கடலோர நடைப்பயணம் முடித்துத் திரும்பிய ஒரு பெண்மணி என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வயது ஐம்பத்திரண்டு. மாடியிலிருக்கும் என் அறைக்கு மெதுவாக ஏறி வந்துவிட்டார். திரும்பிப் போகும்போது கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, நண்டுபோல் பக்கவாட்டில்தான் படியிறங்க முடிந்தது. இரு கால்களிலும் பெருவிரல் நகங்கள் கருநீலமாகிக் கிடந்தன. "தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவள் நான். மலைக்கா போனேன்? கடற்கரைக்குத்தானே போனேன்?" என்றார். அவர் குரலில் இருந்த ஆற்றாமை எனக்குப் புரிந்தது. இயன்முறை மருத்துவராக இதே கேள்வியைப் பலர் வாயிலிருந்தும் கேட்டுவிட்டேன்.

கடற்கரை என்றதும் மணல்வெளிதான் நம் நினைவுக்கு வருகிறது. புகழ்பெற்ற கடலோரப் பாதைகளில் பல, செங்குத்துப் பாறைகளின் விளிம்பையொட்டிப் போகின்றன. கடலில் கலக்கும் ஒவ்வோர் ஓடையும் அந்தப் பாறையை அறுத்துப் பள்ளமாக்கியிருக்கும். பாதை அதில் இறங்கி, மறுகரையில் ஏறியாக வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதையைப் பாருங்கள். மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த இடமே 318 மீட்டர்தான். ஆனால் வழி நெடுக ஏறும் ஏற்றங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 35,000 மீட்டர் வருகிறது, அதாவது எவரெஸ்டின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு. ஏறியது அத்தனையையும் இறங்கவும் வேண்டும். காலைக் கெடுப்பது அந்த இறக்கம்தான்.

ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காததால் சுலபம் என்று நம்பிவிடுகிறோம். உள்ளே நடப்பது வேறு. ஒவ்வோர் அடியிலும் உடல் எடை முழுவதும் மடங்கும் முழங்காலின்மேல் விழுகிறது. தொடையின் முன்பக்கத் தசை அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசையில், இப்படி நீண்டபடி வேலை செய்யும்போது நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதன் வலி அன்றே தெரியாது. பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் மாலை உற்சாகமாகப் படம் அனுப்புகிறவர்கள் மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியாமல் தவிப்பது இதனால்தான்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. இறங்கும் பயிற்சியைத் தசை சீக்கிரம் மறப்பதில்லை. ஒருமுறை வலி கண்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு அடிபடாது. ஆகவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே படியிறங்கத் தொடங்குங்கள். லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் பயன் உண்டு. என் அறையில் நான் செய்து பார்க்கும் சோதனை இது: ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் கீழ்த்தரையை ஓசையில்லாமல் தொடும்வரை மெதுவாகத் தாழ்ந்து எழ வேண்டும். பத்து முறை. நிற்கும் முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ, குதிகால் 'தொப்'பென்று விழுந்தாலோ இன்னும் பயிற்சி வேண்டும் என்று பொருள்.

வழிகாட்டி இல்லாமல் போகும் பயணத்தில் இன்னோர் ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் அறை முன்பதிவாகியிருக்கும். பெட்டி வேனில் முன்னே போய்விடும். கால் கெஞ்சினாலும் பெட்டி இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று மனம் தள்ளும். "போதும், இன்று நில்லுங்கள்" என்று சொல்ல உடன் ஒருவர் இல்லை. அந்தப் பெண்மணி நான்காம் நாளே நொண்டத் தொடங்கிவிட்டார். அதற்குப்பின் மூன்று நாள் வலி மாத்திரையோடு நடந்திருக்கிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மூன்றாம் அல்லது நான்காம் நாளை ஓய்வுக்கு விடுங்கள். ஒவ்வொரு நாள் வழியிலும் எங்கே பஸ் கிடைக்கும் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் அடிக்கு அடி கூடும் வலி, முழங்கால் வீங்குவது அல்லது சிக்கிக்கொள்வது, உங்களை அறியாமல் நொண்டுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைய நடை முடிந்தது என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 18 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு நடை மட்டுமே ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆகும். சாப்பாடு, ஓய்வு, கடலைப் பார்த்து நிற்பதெல்லாம் தனி.

பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்தினால் அந்த நிமிடமே ஷூவைக் கழற்றிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். "அடுத்த மேடு வரை போகலாம்" என்று தள்ளிப்போட்டால் அது கொப்புளமாகிவிடும். கொப்புளத்தின் மேல்தோலை உரிக்கக் கூடாது. நகம் கருப்பது, இறக்கத்தில் பாதம் ஷூவுக்குள் முன்னே வழுக்கி விரல் இடிப்பதால். நகத்தைக் குட்டையாக வெட்டி, இறங்குமுன் கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டினால் தப்பிக்கலாம்.

ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தையும், பார்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பாதையில் எர்ம் ஆற்று முகத்துவாரத்தைக் கடக்கப் படகு கிடையாது. கடல் வற்றியிருக்கும் நேரத்தையொட்டித்தான் இறங்கிக் கடக்க முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட உயரமாக ஏறும்.

அந்தப் பெண்மணி அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் இரண்டு ஊன்றுகோல்களை வாங்கிக்கொண்டு வந்தார். சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடியும் உயரம் போதும், இறக்கத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள், கால் வைக்குமுன் கோலை ஊன்றுங்கள் என்றேன். மாடிப்படியிலேயே செய்து பார்த்தபடி இறங்கிப் போனார்.